வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் ஐஸ் ரீ: ஏன் கலங்குகிறது, எத்தனை நாள் வைக்கலாம்?

கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற ஒருவர் கேட்டிருக்கிறார்: வெறும் தேத்தண்ணியைப் போட்டு ஆறவைத்து பிரிட்ஜில் வைத்தால், அடுத்த நாள் பழுப்பாகக் கலங்கி, மேலே ஆடை படிந்து, குடித்தால் கசக்கிறதாம். தேயிலை பிழையா, இதை எத்தனை நாள் வைத்துக் குடிக்கலாம்?

தேயிலையில் பிழை இல்லை, தண்ணீரைப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைக் கரண்டியால் சுரண்டினால் வெள்ளையாகச் செதில் செதிலாகக் கழன்று வருகிறதா? அது கல்சியம். வன்னியில் பெரும்பாலான கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் இந்தக் கடினத் தண்ணீர்தான். சமையலுக்கு அது பெரிதாகத் தெரியாது. பால் தேத்தண்ணியிலும் பால் மறைத்துவிடும். பாலும் இல்லாமல் சூடும் இல்லாமல் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றும்போதுதான் எல்லாம் வெளியே வரும்.

கலங்கலும் ஆடையும் ஒன்றல்ல, இரண்டுக்கும் காரணம் வேறு. சாயத்துக்கு நிறமும் உறைப்பும் கொடுக்கிற தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற பொருள்கள் சூட்டில் கஃபீனோடு சேர்ந்து நன்றாகக் கரைந்திருக்கும். ஆற ஆற அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத துகளாகிவிடும். அதுதான் கலங்கல். இது பழுதானதன் அடையாளம் இல்லை. தேயிலை ருசி பார்ப்பவர்கள் இதைச் சாயம் கூடிய நல்ல தேயிலையின் குணமாகவே எடுப்பார்கள். கொஞ்சம் கொதிநீர் விட்டுப் பாருங்கள், திரும்பத் தெளிந்துவிடும். மேலே படிகிற ஆடை தண்ணீரின் வேலை. கல்சியமும் சாயமும் காற்றும் சேர்ந்து உண்டாக்குவது அது. கல்சியம் கூடக் கூட முதலில் சொன்ன கலங்கலும் கூடும்.

இதற்கு நான் செய்வது இதுதான். முதல் நாள் இரவே ஒரு வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி அப்படியே விட்டுவிடுவேன். விடிய அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். பாத்திரத்தை ஆட்டாமல் மேல் தண்ணீரை மட்டும் வார்த்து எடுக்க வேண்டும். கடைசி இரண்டு விரல் அளவுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், ஆசைப்பட வேண்டாம். கல்சியத்தில் கணிசமான பங்கு இப்படியே போய்விடும். ஆனால் உப்பு போகாது. முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் சவர்க் கிணறு உள்ளவர்கள் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பயன் இல்லை. வடிகட்டின குடிதண்ணீரை வாங்கித்தான் போட வேண்டும். மாரியில் மழைநீர்த் தொட்டி நிரம்பியிருக்கிற வீடுகளுக்கு அந்தத் தண்ணீரே போதும், அதில் கல்சியம் மிகக் குறைவு. அதையும் கொதிக்கவைத்தே எடுங்கள்.

இன்னொரு வழி தேசிக்காய். சாயம் சூடாக இருக்கும்போதே நாலைந்து துளி பிழிந்தால், கருஞ்சிவப்பாக இருந்தது கண்முன்னே தேன் நிறத்துக்கு வரும். தேசிப்புளி கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆடையும் படியாது. நாலைந்து துளிதான் சொல்கிறேன். ருசிக்குப் பிழிகிற தேசிக்காயைக் குடிக்கிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகப் பிழிந்து பிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் அதுவே ஒரு கசப்புத் தரும்.

சரி, கசப்புக்கு வருவோம். அது பெரும்பாலும் தேயிலையை அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதால் வருவது. பால் தேத்தண்ணிக்கு அந்தக் காய்ச்சல் சரி. குளிரக் குடிப்பதற்குச் சரிவராது. என் அம்மாயி 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர். வாழ்நாளில் பாதி கொழுந்து பறித்தவர். அவர் ஒருநாளும் தேயிலையை அடுப்பில் வேகவிட்டதில்லை. தண்ணீர் கொதித்ததும் இறக்கி, தேயிலையைப் போட்டு மூடி, பிறகு வடிப்பார். வடியில் இருக்கிற சக்கையை யாராவது கரண்டியால் அழுத்தினால், “பிழியாத புள்ள, கச்சல் இறங்கிடும்” என்பார். அதையேதான் நானும் சொல்கிறேன்.

ஒரு லீற்றருக்கு 10 முதல் 12 கிராம் தேயிலை, அதாவது மட்டமாக நாலைந்து தேக்கரண்டி. அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, தேயிலையைப் போட்டு மூடி, நாலு நிமிடம் விடுங்கள். தூள் தேயிலை என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிழியாமல் வடித்து, சீனி போடுவதென்றால் அந்தச் சூட்டிலேயே போட்டுக் கரைத்து, பிறகு கொதித்தாறிய தண்ணீர் அரை லீற்றர் சேருங்கள். உடனே குடிப்பதென்றால் அந்த அரை லீற்றருக்குப் பதிலாக ஐஸ் கட்டியில் நேரே ஊற்றலாம்.

நம் கடைகளில் பொதுவாகக் கிடைப்பது பால் தேத்தண்ணிக்கான நல்ல மெல்லிய தூள். அது வடியிலும் நிற்காமல் போத்தலின் அடியில் வண்டலாகத் தங்கும். முடிந்தால் பீ.ஓ.பி. என்ற தரம் போலக் கொஞ்சம் பெரிய இலையாக வாங்குங்கள். நுவரெலியாத் தேயிலை கிடைத்தால் இன்னும் நல்லது. நிறம் குறைவு, ஆனால் வாசம் ஆறின பிறகும் நிற்கும்.

எத்தனை நாள்? என் கணக்கில் இரண்டு நாள். அதற்குப் பிறகு வாசம் செத்துவிடும். புதினா, இஞ்சி, பழத்துண்டு போட்டது என்றால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். போட்ட தேத்தண்ணி அறைச் சூட்டுக்கு வந்ததும் பிரிட்ஜுக்குள் போக வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது. கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தல்தான் நல்லது, மூடி இறுக்கமாக இருக்கட்டும். நம் வீட்டுப் பிரிட்ஜுகளில் மீனும் கருவாடும் இல்லாத நாள் குறைவு. தேத்தண்ணி அந்த வாசத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். சாய்த்து ஊற்றும்போது நூல் நூலாகக் கொழகொழப்பாக வந்தாலோ, நுரைத்தாலோ, புளித்த வாசம் வந்தாலோ ருசி பார்க்காமல் ஊற்றிவிடுங்கள். அது கலங்கல் இல்லை, கிருமி.

கரண்ட் விடயத்தில் கவனமாக இருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள், அந்த நாட்களில் போட்டு வைப்பதையே நான் விட்டுவிட்டேன். இப்போதும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தால் உள்ளே இருந்ததை வைத்துக் குடிக்கமாட்டேன்.

போத்தலில் தண்ணீரும் தேயிலையும் போட்டு முற்றத்து வெயிலில் வைக்கிற முறை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. நம் வெயிலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், ஆனால் செய்யாதீர்கள். எந்த வெயிலிலும் அந்தத் தண்ணீர் 55 பாகைக்கு மேல் போவது அரிது. கிருமியைக் கொல்ல அது போதாது, வளர்க்கத்தான் உதவும். காய்ச்சாமல் போட விருப்பம் என்றால், கொதித்தாறிய தண்ணீரில் அதே அளவு தேயிலையைப் போட்டு, எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் பிரிட்ஜுக்குள்ளேயே ஊறவிட்டு வடியுங்கள். கசப்பும் கலங்கலும் இதில் நன்றாகக் குறையும், உறைப்பும் கொஞ்சம் குறையும். அன்றன்றைக்கே குடித்துவிட வேண்டும்.

அப்புறம் ஐஸ். மீனுக்கு விற்கிற ஐஸைக் கிளாஸில் போட வேண்டாம், அது குடிக்கிறதற்காகச் செய்தது இல்லை. மிஞ்சுகிற தேத்தண்ணியையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளுங்கள். அது கரைந்தாலும் சாயம் நீர்க்காது.