பிடிவாரண்டு அல்ல

அன்புள்ள ஐயா,

என் அப்பா விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராகச் சேர்ந்து, மாஸ்டர் வாரண்ட் ஆஃபீசராக ஓய்வு பெற்றவர். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகையில் அப்பா பெயருக்குக் கீழே 'விமானப்படை அதிகாரி (ஓய்வு)' என்று போடலாம் என்றேன். ராணுவத்தில் மேஜராக இருந்த சொந்தக்காரர் ஒருவர், "அவர் ஆஃபீசர் இல்லையே, அப்படிப் போடக்கூடாது" என்றார். சித்தப்பா, "வாரண்ட் என்று போட்டால் அண்ணனைப் போலீஸ் தேடுவதாக நினைப்பார்கள்" என்று சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, "பெயர் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அவர் ஆஃபீசரா, இல்லையா?

ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள ஆர்.,

மேஜர் சொன்னது விதிப்படி சரி. கல்யாண வீட்டில் வைத்துச் சொன்னதுதான் சரியில்லை.

விமானப்படையில் ஜூனியர் வாரண்ட் ஆஃபீசர், வாரண்ட் ஆஃபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆஃபீசர் என்று மூன்று படிகள். தரைப்படையில் இவற்றுக்கு நேரானவை நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். கமிஷன், அதாவது அதிகாரியாக நியமிக்கும் ஆணை, பெற்ற ஆஃபீசர்களுக்குக் கீழே, மற்ற எல்லாருக்கும் மேலே. உங்கள் அப்பா அந்த மூன்று படிகளில் உச்சிப் படியில் இருந்தவர்.

வாரண்ட் என்ற பெயர் கப்பலில் இருந்து வந்தது. பழைய பிரிட்டிஷ் கடற்படையில் கேப்டனும் லெப்டினன்டும் கமிஷன் வாங்கியவர்கள், பெரும்பாலும் பெரிய இடத்துப் பிள்ளைகள். பாய்மரம், பீரங்கி, மரவேலை, திசை பார்ப்பது என்று ஒவ்வொன்றையும் கைப்பழக்கமாக அறிந்தவர்களுக்கு வேறொரு ஆணை கொடுத்தார்கள். அதுதான் வாரண்ட். குளச்சல் மீனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வள்ளத்தின் முதலாளி கரையில் இருப்பார். கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் அடையாளம் வைத்துக் கணியம் பார்த்து மீன் கிடக்கும் இடத்தைச் சொல்கிறவர் வேறு ஆள். அமெரிக்கத் தரைப்படையில் இன்றும் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வாரண்ட் ஆஃபீசர்களே. அவர்களுடைய விமானப்படை 1959-ல் இந்தப் பதவிக்கு ஆள் எடுப்பதை நிறுத்தியது. கணினி வேலைக்கு ஆள் தேவைப்பட்டதும் 2024-ல் மறுபடி திறந்திருக்கிறது.

நம் சுபேதாரின் கதை அவ்வளவு நேரானதல்ல. முகலாயர் காலத்தில் சுபேதார் என்றால் ஒரு மாகாணத்துக்கே ஆளுநர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அந்தப் பெயரை எடுத்துத் தன் பட்டாளத்து இந்தியருக்குக் கொடுத்தான். தலை நரைத்த சுபேதாரும் நேற்றுக் கப்பலிறங்கிய வெள்ளைக்காரப் பையனுக்குக் கீழேதான் என்பது ஏற்பாடு. பிற்பாடு அவர்களை வைஸ்ராய் கமிஷன்ட் ஆஃபீசர் என்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஜூனியர் கமிஷன்ட் ஆஃபீசர் என்றானது. ஜமேதார் என்ற பெயரை 1965-ல் நாயிப் சுபேதார் என்று மாற்றினார்கள். ஏற்பாடு மட்டும் பெரிதாக மாறவில்லை.

என் தாய்மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதார். தக்கலை பக்கத்தில் வீடு. கூடத்தில் சீருடையோடு ஒரு படம் தொங்கும். சின்ன வயதில் தோளில் இருந்த நட்சத்திரங்களை எண்ணினேன்: இரண்டு. லெப்டினன்டுக்கும் இரண்டுதான் என்று தெரிந்ததும், "அப்போ மாமா லெப்டினன்டா?" என்று கேட்டேன். மாமா கண்ணாடி மேல் விரலை வைத்து, நட்சத்திரங்களுக்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாக ஓடிய சின்ன நாடாவைக் காட்டினார். "இது உண்டுல்லா மக்கா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, கன்னியாகுமரி பார்க்க வந்த ஒரு கர்னல் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார். இருபத்திரண்டு வயதில் லெப்டினன்டாக மாமாவின் பட்டாளப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவராம். வாசலிலேயே நிமிர்ந்து நின்று "சாப்!" என்றார். மாமா பனியனோடு எழுந்து "சார்!" என்றார். பட்டாளத்தில் அதுதான் முறை: சின்ன ஆஃபீசர் பெரியவரை சாப் என்பார், பெரியவர் சின்னவரை சார் என்பார். சாப் உட்காராமல் தான் உட்கார மாட்டேன் என்று கர்னல். சார் உட்காராமல் எப்படி என்று மாமா. அத்தை சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்தாள். "ரெண்டு பேரும் நிண்ணுட்டே குடிக்கப் போறியளா?" என்று ஒரு அதட்டல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

இந்த மரியாதையை அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. ராணுவச் சேவைச் சம்பளம் என்று ஒன்று உண்டு. லெப்டினன்டு முதல் பிரிகேடியர் வரை மாதம் 15,500 ரூபாய். சுபேதார் மேஜருக்கும் மாஸ்டர் வாரண்ட் ஆஃபீசருக்கும் 5,200. நேற்றுச் சேர்ந்த சிப்பாய்க்கும் அதே 5,200. இதைக் கூட்டச் சொல்லிப் படைகள் வைத்த கோரிக்கையை 2018-ல் நிதி அமைச்சகம் தள்ளிவிட்டது. உங்கள் கோபத்தைச் சித்தப்பாவின் கிண்டலில் செலவழிக்காமல் இங்கே வைத்துக்கொண்டால் நியாயம் இருக்கும்.

சரி, பத்திரிகைக்கு வருகிறேன். பொதுவாக 'அதிகாரி' என்று போட்டால், உள்ளதை மறைத்து வேறு எதையோ காட்டுவதுபோல ஆகும். அப்பா கூசியது அதற்காகவும் இருக்கலாம். 'மாஸ்டர் வாரண்ட் ஆஃபீசர், இந்திய விமானப்படை (ஓய்வு)' என்று முழுப் பெயரையே போடுங்கள். விமானம் கிளம்பும் முன் அந்தந்த வேலையைப் பார்த்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைலட் கையெழுத்துப் போட்டு அதை ஏற்றுக்கொள்வார். அப்படி அப்பா போட்ட கையெழுத்துகளை நம்பி எத்தனை பேர் பறந்திருப்பார்கள் என்று சித்தப்பாவிடம் கேளுங்கள். நம் மாவட்டத்தில் பதவிப் பெயர் ஒருமுறை ஒட்டினால் போகாது. டச்சுக் கம்பெனியிலிருந்து வந்து திருவிதாங்கூர் படைத்தலைவரான டிலனாய் 1777-ல் இறந்தார், உதயகிரிக் கோட்டையில் படுத்திருக்கிறார், இன்னும் அவர் வலிய கப்பித்தான்தான், அதாவது பெரிய கேப்டன். எங்கள் மாமா இறந்த பிறகும் அது சுபேதார் வீடு.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அப்பாவிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எழுத்துப்பிழையை நிச்சயம் அவர்தான் கண்டுபிடிப்பார். எனக்கும் ஒரு பத்திரிகை அனுப்புங்கள்.