பல் டாக்டர்தான், போர்டு மட்டும் இல்லை

கேள்வி: பி.டி.எஸ். முடித்துவிட்டேன். கிளினிக் வைக்காமல் பொதுச் சுகாதாரம் பக்கம் போக ஆசை. வீட்டில் திட்டுகிறார்கள். போகலாமா?

என் வீட்டிலும் திட்டினார்கள். "எப்பதான் போர்டு மாட்டப் போற?" என்று அம்மா இன்னும் போனில் கேட்கிறார். சென்னையில் பி.டி.எஸ்., அப்புறம் எம்.டி.எஸ்.ஸில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம். வேறு பிரிவு கிடைக்காதவர்கள் எடுப்பது என்று வகுப்பிலேயே கேலி செய்வார்கள். இப்போது மும்பை தாராவியில் வேலை.

முதல் வருடம் நான் செய்தது பெரும்பாலும் வீண். வேலை நாளில் காலை பத்து மணிக்கு முகாம், இலவச பிரஷ், குரூப் போட்டோ. வாயில் புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகமாகத் தெரிந்தவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. பாதிப் பேர் போகவே இல்லை. 'விழிப்புணர்வு குறைவு' என்று அறிக்கையில் எழுதி முடித்துவிட்டேன்.

இட்லி அவித்துக் கொடுக்கும் ஒரு திருநெல்வேலி ஆச்சிதான் எனக்கு உறைக்கும்படி சொன்னார். போயிலை அடக்கும் கன்னத்தில் வெள்ளைப் படலம். பஞ்சால் துடைத்தாலும் போகவில்லை. வாயைத் திறந்து மூன்று விரலை அடுக்கி வைக்கச் சொன்னேன், இரண்டுதான் நுழைந்தது. பாக்கு பண்ணும் வேலை அது. கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகிவிடும். போயிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே சொல்லிவிட்டது. சீட்டை நீட்டினேன்.

"வலிக்கலியேம்மா, பொறவு எதுக்கு ஆஸ்பத்திரி? ஒரு நா போனா வாடிக்கை போயிரும். வைத்தியம் ஓசிதான், என் நாளுக்கு யாரு துட்டு தருவா?"

விழிப்புணர்வெல்லாம் ஆச்சிக்கு இருந்தது. இல்லாதது ஒரு நாள்.

அதன் பிறகு முகாமைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். சீட்டு கொடுத்தால் கூடவே ஓர் ஆள் போவார், வரிசையில் நிற்க. அந்தத் தெருப் பெண்களுக்கே டார்ச் பிடித்து வாய் பார்க்கச் சொல்லிக்கொடுத்தோம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இப்படி வீடு வீடாக வாய் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது.

குழந்தைகளின் சொத்தைப் பல்லுக்கு, சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தடவுகிறோம். ஊசி, டிரில் எதுவும் வேண்டாம், ஒரு சொட்டு போதும். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே சிக்கல், சொத்தை கன்னங்கரேலென்று ஆகிவிடும். "பொம்பளப் புள்ள டாக்டர், சிரிச்சா தெரியுமே" என்று தாய்மார் தயங்குவார்கள். விழுகிற பால் பல்தான் என்று சொல்லியும் சிலர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். அவர்களைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சரி, பணம். கிளினிக் வைத்த நண்பர்கள் கார் மாற்றுகிறார்கள், நான் லோக்கல் ரயிலில் போகிறேன். வேலையும் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் தோழியின் கிளினிக்கில் உட்காருகிறேன். கொஞ்சம் காசு, கைப்பழக்கமும் விட்டுப்போகாது. நீங்களும் அப்படி ஒன்று வைத்துக்கொண்டு வாருங்கள். மும்பை என்றால் 'ஆ கரா' (வாயைத் திறங்க) என்று மராத்தியில் சொல்லத் தெரிந்தால் போதும், மீதியை டார்ச் பார்த்துக்கொள்ளும்.

ஆச்சி போனார். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது, மகனை அடுப்பில் நிறுத்திவிட்டு. போயிலையை விட்டுவிட்டார், பாக்கை இன்னும் விடவில்லை.