கடன் பாக்கி இருந்தால் அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதி கிடைக்காதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உங்கள் அண்ணனுக்கு இராணுவ ஒப்பந்த நிறுவனமொன்றில் வேலை சரிவந்திருக்கிறது, பாதுகாப்பு அனுமதி (அரச இரகசியங்களைக் கையாளும் உரிமை) எடுக்க வேண்டும். அங்கே கடனட்டைப் பாக்கி இருக்கிறது. போதாக்குறைக்கு, இலங்கையில், ஹட்டனில் மாமாவின் முச்சக்கரவண்டி லீசிங்கிற்குப் பிணை நின்றிருக்கிறார். மாமா தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். இதையும் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும். ஹட்டனில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் அறவிடும் பிரிவில் இருந்தவன் நான். என் பெரியப்பாவின் மகன் அமெரிக்காவின் மேரிலாந்தில் இந்த அனுமதிக்கான படிவத்தை நிரப்பியவர். இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும்.

அனுமதி கொடுக்கலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூன் 8 முதல் அங்கே நடைமுறையிலுள்ள 13 அளவுகோல்களில் ஆறாவது, பண விவகாரம். கடன் வாங்குவது குற்றமில்லை. கட்ட முடியாமல் திணறுவது, வசதியிருந்தும் கட்டாமல் விடுவது, வருமான வரி அறிக்கை கொடுக்காதது, கணக்கில் வராத திடீர்ச் செல்வம் ஆகியவைதான் அவர்களை உறுத்தும். காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் சோவியத் உளவுத்துறைக்கு இரகசியம் விற்கத் தொடங்கியபோது விவாகரத்தாலும் கடனாலும் கழுத்தளவு சிக்கலில் இருந்தார். பிறகு 540,000 டொலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார். 1994இல்தான் பிடிபட்டார்.

வேலை போனது, எதிர்பாராத வைத்தியச் செலவு, விவாகரத்து, குடும்பத்தில் ஒரு மரணம் என்று கைமீறிய காரணத்தால் ஏறிய கடனை அவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். அதன் பிறகு அண்ணன் எப்படி நடந்துகொண்டார் என்பதே கேள்வி. முழுவதையும் அடைத்திருக்க வேண்டியதில்லை. தவணைக்கு உடன்பட்டு மாதாமாதம் கட்டிவரும் அத்தாட்சி பெரிய பலம். ஆனால் “உங்கள் அனுமதியை ஏன் மறுக்கிறோம்” என்ற கடிதம் வந்த பிறகு ஓடிப்போய்க் கட்டினால் அதற்கு மதிப்புக் குறைவு.

இனிப் பிணை. கடந்த 7 ஆண்டுகளில் 120 நாட்களுக்கு மேல் பாக்கி விழுந்த கடன் உண்டா என்று படிவம் கேட்கிறது. பிணை நின்ற கடனும் அதில் அடக்கம். “ஹட்டன் லீசிங் அமெரிக்கக் கடன் அறிக்கையில் வராது, யாருக்குத் தெரியப்போகிறது?” என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் இருப்பார்கள். அந்தக் கெட்டித்தனம்தான் ஆபத்து. தெரிந்தே பொய் எழுதுவது அங்கே 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நேர்மைக்கென்று தனி அளவுகோலும் உண்டு. கடனைச் சமாளித்துவிடலாம், மறைத்ததைச் சமாளிப்பது கடினம்.

பொலிஸ் நற்சான்றிதழ் சுத்தமாக இருந்தால் போதும் என்பதும் தவறு. அது குற்றப் பதிவைத்தான் காட்டும்.

பாக்கி விழுந்தது அண்ணனுக்கே முழுமையாகத் தெரியாமல் இருக்கலாம். பிணையாளருக்குப் போகும் பதிவுத் தபால் பழைய லயத்து முகவரிக்குத்தான் வரும். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் தோட்டக் காரியாலயத்தில் இறங்கும், அங்கே மேசை லாச்சியில் கிடக்கும். அறிவித்தல் அனுப்பியாயிற்று என்று நாங்கள் கோப்பில் குறித்துவிடுவோம். பிணையாளர் வெளிநாட்டில் இருப்பார்.

எனவே முதலில் கிரிப் அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகம் அது; தன் பெயரிலுள்ள அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம். அடுத்து லீசிங் நிறுவனத்திடம் நிலுவையை எழுத்தில், ஆங்கிலத்தில் வாங்குங்கள். வண்டியைப் பறித்து விற்றிருந்தால் எவ்வளவுக்கு விற்றார்கள், மீதி எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். விற்றும் தீராத மீதிக்குப் பிணையாளர் பொறுப்பு. மாமாவோடு பேசித் தீர்க்க முடிந்தால் நல்லது, ஆனால் அந்தப் பேச்சுக்காகப் படிவம் காத்திருக்காது.

அண்ணன் பணம் அனுப்புவதென்றால், வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாற்றும் உண்டியலில் வேண்டாம். தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பி, கட்டிய பற்றுச்சீட்டையும் கடன் தீர்ந்ததென்ற கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். விசாரணை அதிகாரி நேரில் கேட்கும்போது அவற்றைக் காட்டலாம்.