கூரைத் தண்ணீர் வேறு, முற்றத்துத் தண்ணீர் வேறு

கேள்வி: கோயம்புத்தூரை ஒட்டிய ஊராட்சி ஒன்றில் 40 சென்ட் இடத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு மோட்டாருக்கான ஷாஃப்ட் கடைகிறோம். கணினி வழி இயங்கும் சி.என்.சி. நான்கு, மூன்று பழைய லேத், 11 பேர் வேலை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருக்கிறது, மாசு குறைந்த தொழில்களுக்கான பச்சை வகை. சென்ற ஐப்பசி மழையில் எங்கள் முற்றத்துத் தண்ணீர் கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு பின்பக்க வாய்க்காலில் இறங்கிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் போய்விட்டது. தோப்புக்காரர் புகார் கொடுத்தார். வந்து பார்த்த அதிகாரி, "மழைநீர் வடிகால் வரைபடத்தில் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆலோசகர் ஒருவர், மழைநீருக்கென்று தனி அனுமதி வாங்க வேண்டும், 8 லட்ச ரூபாயில் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும் என்கிறார். கழிவுநீர் என்று எங்களிடம் எதுவுமே இல்லையே! என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: கடிதத்தோடு நீங்கள் கைப்பட வரைந்து அனுப்பிய படம் கடிதத்தைவிட நன்றாகப் பேசுகிறது. கூரையின் வடக்கு ஓரத்தில் நான்கு குழாய்கள் இறங்குகின்றன. நான்கும் வந்து விழும் இடத்தில்தான் கடைசலில் விழும் இரும்புச் சுருள் பேரல்களையும், ஜெனரேட்டரையும், டீசல் பேரலையும் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வழக்கு முழுவதும் அந்த நான்கு குழாய்களில் அடங்கிவிடுகிறது.

முதலில் சட்டம். மழைநீர் அனுமதி என்று தனியாக ஓர் ஆணை நம் மாநிலத்தில் கிடையாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி நீங்கள் வாங்கி வைத்திருக்கும் இசைவாணைதான் இதற்கும் ஆணை. அதன் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பின்பக்கங்களில் இருக்கும் நிபந்தனைகளை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். மழைநீர் வடிகாலைக் கழிவுநீர்ப் பாதையோடு சேர்க்கக் கூடாது என்ற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். அதிகாரி கேட்டது அதைத்தான்.

"கழிவுநீர் எதுவுமே இல்லை" என்ற உங்கள் வரியில்தான் சிக்கல். அதே சட்டத்தின் 2(k) பிரிவு, தொழில் நடக்கும் வளாகத்திலிருந்து வெளியேறும் திரவம், வாயு, திடப்பொருள் எதையும் தொழிற்கழிவு என்கிறது. வீட்டுக் கழிவுநீர் மட்டும்தான் விலக்கு. வானத்திலிருந்து விழுந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் டீசல் பேரலைத் தொடும்வரை அது மழை. தொட்டபின் அது உங்களுடையது. நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது அளவுகள் அப்போது அதற்கும் பொருந்தும்: எண்ணெயும் பிசுக்கும் லிட்டருக்கு 10 மில்லிகிராம், கரையாமல் கலந்து மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராம், பி.எச். 5.5 முதல் 9 வரை. கண்ணுக்கு மினுமினுப்புத் தெரிகிற தண்ணீரை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் வாதாடுவதில் பயனில்லை.

இனி ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் கூரை 10,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 930 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே மாலையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் கூரையிலிருந்து மட்டும் 46,500 லிட்டர் இறங்கும். 12,000 லிட்டர் லாரியில் நான்கு லாரி. அழுக்கு முற்றம் 2,000 சதுர அடிதான். அதன்மேல் நேராக விழுவது 9,300 லிட்டர். இந்த 9,300-ஐ எங்கேயாவது பிடித்து வைத்துவிடலாம். நீங்களோ சுத்தமான 46,500 லிட்டரைக் கொண்டுவந்து அதன் தலையில் ஊற்றி, முற்றத்தையே கழுவித் தோப்புக்குள் அனுப்பியிருக்கிறீர்கள். ஆலோசகர் 8 லட்சம் கேட்பது மொத்தத் தண்ணீரையும் கணக்கில் எடுத்ததால் இருக்கலாம். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் குழாயைத் திருப்ப ஒரு பிளம்பருக்கு இரண்டு நாள் போதும்.

ஆகவே கூரைக் குழாய்களைக் கிழக்குப் பக்கம் திருப்பி, மூடிய பாதையில் கொண்டுபோங்கள். எட்டிப் பார்க்கும் தூரத்தில் ஃபவுண்டரி ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கோடை முழுவதும் படிந்த கரித்தூசி முதல் மழையில் மையாக இறங்கும். அந்த முதல் சில நிமிடத் தண்ணீரைத் தனியே வெளியேற்ற ஒரு வால்வு வையுங்கள். அதற்குப் பின் வருவதைத் தொட்டியில் சேமிக்கலாம், உறிஞ்சு குழியில் விடலாம்.

உறிஞ்சு குழி என்றதும் என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, ஊரெல்லாம் அவசரம் அவசரமாகக் குழி வெட்டினோம். சிறிய பட்டறை ஒன்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்ற உற்சாகத்தில் முற்றத்து வாய்க்காலையும் அதே குழியில் சேர்த்துவிட்டேன். குழி ஜெனரேட்டருக்கு எட்டடி தள்ளி இருந்தது. மறு கோடையில் அவர்கள் போர்வெல்லில் மோட்டாரைப் போட்டால் டீசல் வாடை. உரிமையாளர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த முறை போனபோது அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளரை என் முன் வைத்தார், அவ்வளவுதான். கோவை வட்டாரம் பாறை நிலம். பிளவுகளில் இறங்குகிற தண்ணீரை மணல் வடிகட்டுவதுபோல் எதுவும் வடிகட்டாது. முற்றத்துத் தண்ணீரை எந்தக் காலத்திலும் குழியில் விடாதீர்கள், வற்றிய போர்வெல்லில் அறவே விடாதீர்கள்.

இனி முற்றம். சுருள் பேரல்களை முதலில் கூரைக்குள் கொண்டுவாருங்கள். சுருளோடு ஒட்டிக்கொண்டு வரும் கூலண்ட் (கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய்-தண்ணீர்க் கலவை) வடிய, சரிவான தகட்டுத் தட்டு ஒன்றும் கீழே ஒரு வாளியும் வேண்டும். வடிந்ததை வடிகட்டி மறுபடி இயந்திரத்திலேயே ஊற்றலாம். இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பால்போல் இருக்கும் கூலண்ட் தண்ணீரோடு கலந்து கரைந்த நிலையில் இருப்பது. எண்ணெய் மிதக்கும், தண்ணீர் அடியில் போகும் என்ற நம்பிக்கையில் கட்டுகிற மூன்று அறைத் தொட்டி டீசலையும் கியர் ஆயிலையும் பிடிக்கும்; கூலண்டைப் பிடிக்காது. அது நேராக மூன்றாவது அறையைத் தாண்டி வெள்ளையாக வெளியே போகும். தொட்டி கட்டியும் நோட்டீஸ் வாங்கிய பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

டீசல் பேரலைச் சுற்றிச் சிமென்ட் தடுப்பு எழுப்புங்கள். 200 லிட்டர் பேரல் என்றால் தடுப்புக்குள் 220 லிட்டராவது நிற்க வேண்டும். மேலே தகடு போடாவிட்டால் அந்தத் தடுப்பு முதல் மழையிலேயே நிரம்பிவிடும். இதெல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது லாரி வந்து நிற்கும் 600 சதுர அடி. அதைச் சுற்றி நாலங்குலத் திண்டு கட்டி, ஒரே மூலைக்குச் சரிவு கொடுத்து, அங்கே மூன்று அறைத் தொட்டியைக் கட்டுங்கள். புரட்டாசியில் ஒரு முறை திறந்து எண்ணெயையும் சேற்றையும் எடுங்கள். அந்தச் சேறும், கெட்டுப்போன கூலண்டும், பழைய ஆயிலும் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. பதிவு பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். சைக்கிளில் வந்து பழைய ஆயில் வாங்கிப் போகிறவரின் துண்டுச் சீட்டு கணக்கில் சேராது.

வரைபடத்தில் கூரைத் தண்ணீருக்கு நீலக் கோடு, முற்றத்துத் தண்ணீருக்குச் சிவப்புக் கோடு. ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அம்புக்குறி போடுங்கள். இரண்டும் எந்த இடத்திலும் வெட்டிக்கொள்ளக் கூடாது. வேலை முடிந்த புகைப்படங்களோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, இசைவாணையில் திருத்தம் தேவையா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி வீடு திரும்ப வேண்டாம்.

பின்பக்க வாய்க்கால் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பாருங்கள். ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா, தோப்புக்காரரின் பட்டா நிலமா என்பதைப் பொறுத்துத்தான் அதில் சுத்தமான தண்ணீரையும் விட முடியும். வாரியத்தின் இசைவாணை பிறர் வாய்க்காலுக்கான உரிமை ஆகாது. வரைபடத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தோப்புக்காரரையும் நேரில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மழை வலுக்கும்போது சாயக் கழிவுநீரைக் கொஞ்சம் திறந்துவிட்டால் வெள்ளத்தில் நீர்த்துப்போய்விடும் என்கிறார்களே, சரிதானா?
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: திருப்பூரிலிருந்து இந்தக் கேள்வியா! நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது அப்படி "நீர்த்துப்போன" சாயத் தண்ணீர்தான். உப்பு எங்கும் போகவில்லை, அணைக்குள் உட்கார்ந்துகொண்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதையும் அதன்பின் தெருக்கள் வெறிச்சோடியதையும் உங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சரியில்லை.

கேள்வி: கூரையில் பிடித்த மழைநீரை லேத் கூலண்ட் கலக்கப் பயன்படுத்தலாமா?
(ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: தாராளமாக. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையில் கூலண்ட் பிரிந்து, இயந்திரத்தில் பிசுபிசுப்பாகப் படியும். மழைநீரில் அந்தத் தொல்லை குறைவு. சில கூலண்டுகள் மென்னீரில் நுரைக்கும், முதலில் ஒரு வாளியில் கலந்து பாருங்கள். கலக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய். மாற்றி ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கும்.