ஹாப்டோகுளோபின் குறைந்தால் டானிக் குடிக்கலாமா?

கேள்வி: காச்சின் பக்கம் பச்சைக்கல் சுரங்க வேலைக்குப் போன என் தம்பி வைவாக்ஸ் மலேரியாவோடு ரங்கூன் திரும்பினான். பிரைமாகுவின் மாத்திரை தொடங்கிய 3ஆம் நாள் சிறுநீர் பால் ஊற்றாத டீ மாதிரி கறுத்துவிட்டது, டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ரத்தச் சோதனையில் 'ஹாப்டோகுளோபின் மிகக் குறைவு' என்று இருக்கிறது. அது சர்க்கரை சேர்ந்த புரதமாமே, அப்படியென்றால் சர்க்கரை வியாதியா? அதைக் கூட்ட டானிக் உண்டா? அப்புறம், ரத்தத்தை ஏன் இரண்டு குழாயில் எடுத்தார்கள்?

– ஒரு வாசகி, ரங்கூன்

பதில்: டானிக் வேண்டாம் அக்கா. தம்பியின் ஹாப்டோகுளோபின் வேலை செய்தே தீர்ந்துபோயிருக்கிறது. சிவப்பணு உடைந்தால் ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், கொட்டும், சும்மா விட்டால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கல்லீரல் அனுப்புகிற ஹாப்டோகுளோபின் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடி என்றால் உடும்புப் பிடி. தனியாக இருந்தால் சில நாள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஹீமோகுளோபினைப் பிடித்துவிட்டாலோ கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள மேக்ரோபேஜ் செல்கள் சில நிமிடத்தில் இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடும். உடைவது அதிகமானால் கையிருப்பு காலி, மிஞ்சியது சிறுநீரில் இறங்கும். நீங்கள் பார்த்த டீ நிறம் அதுதான். விழுங்கிய இரும்பில் பெரும்பகுதி இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் தோளில் ஏறி மறுபடி எலும்பு மஜ்ஜைக்குப் போய்விடும், எனவே இரும்பு மாத்திரையையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சிவப்பணுவைக் காக்கிற ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு பிரைமாகுவின் இப்படிச் செய்யும் என்று 1956-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் சூட்டோடு சூடாகச் செய்தால் ஏமாற்றும், நொதி குறைந்த கிழட்டு அணுக்கள் முதலில் உடைந்து போயிருக்கும், மிச்சம் இருப்பது இளசு. அதனால் சுமார் 3 மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது. இந்த நொதிக் குறைவு தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது, வீட்டில் மற்ற பையன்களுக்கும் பார்த்துவிடுங்கள்.

சர்க்கரை வியாதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கல்லீரலே புரதத்தில் கோர்த்து அனுப்பும் சர்க்கரைச் சங்கிலி இது, ஆல்புமினை விட்டால் பிளாஸ்மாவின் பெரும்பாலான புரதங்களில் உண்டு.

குழாய் விஷயம் சின்னது. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறையும், உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜென் உறைகட்டியில் போய்விடும், மேலே நிற்பது சீரம். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் கால்சியத்தைப் பிடித்து வைப்பதால் உறையாது, அணு எண்ண அதுதான் வசதி. அதே ஈ.டி.டி.ஏ. இரும்பையும் பிடிக்கும், ஆகையால் இரும்பு அளவு பார்க்க ஊதா மூடி ஆகாது.

சிறுநீர் இன்னும் கறுப்பாகவே போனாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.