மாந்தோப்பில் புது இலை சிறுத்து வெளுக்கிறது: இலைப் பரிசோதனைக்கு எப்படி மாதிரி எடுப்பது?

கிருஷ்ணகிரி பக்கம் சுண்ணாம்புள்ள மண்ணில் மா வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. இலை சிறுத்து, குறுகி, கொத்துக் கொத்தாக நின்றால் துத்தநாகக் குறைவு என்று சந்தேகிக்கலாம். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, மீதி மஞ்சளாக இருந்தால் இரும்பு. முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் கருகினால் சாம்பல்சத்து. ஆனால் உப்புத் தண்ணீர் பாய்ச்சும் தோப்பிலும் அதே கருகல் வரும். அதனால்தான் கண்ணால் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது.

மாதிரிக்குத் தளிரைப் பறிக்காதீர்கள். நான்கைந்து மாத வயதுள்ள இலையை, காய் பிடிக்காத கிளையின் நடுப்பகுதியிலிருந்து காம்போடு எடுங்கள். மரத்தின் நான்கு திசையிலும் ஒவ்வொன்று, ஏழெட்டு மரங்களில் எடுத்தால் சுமார் 30 இலை சேரும். நோயுற்ற, பூச்சி கடித்த இலை வேண்டாம். குறைபாடு தெரியும் மரங்களின் இலையையும் நல்ல மரங்களின் இலையையும் கலக்கவே கூடாது. இரண்டு பை, இரண்டு முடிவு. ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம். இலையை அன்றே கழுவி, நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் புழுங்கிவிடும்.

துத்தநாகமோ தாமிரமோ கலந்த மருந்து தெளித்த இலை பொய் சொல்லும், கழுவினாலும் முழுதாகப் போகாது. இரும்பு இன்னொரு சிக்கல்: வெளுத்த இலையிலும் மொத்த இரும்பு போதுமானதாகவே காட்டும்.

பரிசோதனை முடிவில் துத்தநாகம் உலர்ந்த இலை கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால், 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் துத்தநாக சல்பேட், 25 கிராம் நீற்றுச் சுண்ணாம்பின் தெளிநீர் கலந்து அடுத்த துளிரில் தெளியுங்கள். சுண்ணாம்பை விட்டால் தளிர் கருகும்.