தலைதீபாவளிக்கு நெல்லை போகிறோம்: வெளியே எதை எப்போது சாப்பிடலாம்? வீட்டில் 12 பேருக்குச் சொதி வைப்பது எப்படி?

கேட்டவர் கோவைக்காரர், மனைவிக்குப் பாளையங்கோட்டை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போய், முடிந்து இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஜோடியாக வெளியே சுற்றிச் சாப்பிட வேண்டும், ஒரு நாள் மாமனார் வீட்டில் தாங்களே சொதி (காய்கறி போட்ட தேங்காய்ப் பால் குழம்பு) விருந்தும் வைக்க வேண்டும் என்று ஆசை.

மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே போகாதீர்கள். நெல்லையில் மதியம் என்றால் வீடு, பொழுது சாய்ந்தால் கடை. அல்வாவும் பரோட்டாவும் சாயங்காலத்துக்கு மேல்தான் களைகட்டும். தலைதீபாவளி மாப்பிள்ளை மதியம் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால் மாமியார் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தப் பேச்சு அடுத்த தீபாவளி வரை ஓடும்.

அடுத்து நாள்காட்டியைப் பாருங்கள், ஏனென்றால் அசைவம் அதை வைத்துத்தான் ஓடுகிறது. நம் பக்கம் தீபாவளி சதுர்த்தசியில் வரும், ஒட்டியே அமாவாசை, அதற்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடக்கம். திருச்செந்தூர் பக்கத்திலேயே இருப்பதால் நெல்லையில் ஏராளமான வீடுகளில் அந்த ஆறு நாளும் கறி, மீன் அடுப்பேறாது. ஆகவே பரோட்டா ஆசையைப் போன முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். மனைவி வீடு சைவம் என்றால் பார்சலோடு வாசல் மிதிக்காதீர்கள், அங்கேயே சாப்பிட்டுக் கை கழுவி வாருங்கள்.

பரோட்டாவுக்கு இரண்டு வழி. அலையத் தெம்பில்லை என்றால் பாளையிலேயே ராத்திரிக் கடைகள் போதும். கார் இருந்தால் செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டர், நெல்லையிலிருந்து 60 கிலோமீட்டர்ச் சொச்சம். கோழியை மசாலா தடவிப் பொரித்துப் பிய்த்துத் தருவதுதான் அங்கே பேர்போனது. பரோட்டா அளவில் சிறியது, மெத்தென்று இருக்கும். ஆளுக்கு இரண்டு வாங்கி, பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி ஒரு நிமிஷம் ஊறவிடுங்கள். கோழியும் காடையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இரண்டு பேரால் முடிக்க முடியாது. ஒன்று வந்து தீர்ந்த பிறகு அடுத்ததைச் சொல்லலாம்.

போகிற வழியில் குற்றாலத்தில் குளிக்கலாமே என்று தோன்றும். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் நெல்லைக்காரர்களுக்கு அது இன்னும் உள்ளூர்தான். ஆனால் ஐப்பசி அருவி சாரல் காலத்து அருவி அல்ல. வடகிழக்கு மழை பிடித்தால் வெள்ளம் திடுதிப்பென்று வரும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்தான் வேண்டும் என்றால் பாபநாசம் பக்கம் அகஸ்தியர் அருவி இருக்கிறது. அங்கே வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் காலையிலேயே போய் மதியப் பந்திக்கு வீடு திரும்பிவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் நெல்லையப்பர் கோயில் இருக்கும் டவுன் பக்கம் தலைவைக்க வேண்டாம். ரத வீதிகளில் ஆள் நடக்கவே இடம் இருக்காது. வீட்டிலும் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து என்று எண்ணெய்ச் சட்டி இறங்காது, மதியச் சமையலுக்கு அடுப்பு கிடைப்பதே பாடு. அன்றைக்குச் சரியான சாப்பாடு உளுந்தஞ்சோறு, ஒரே ஏனத்தில் முடிந்துவிடும். அரிசி இரண்டு பங்குக்குத் தொலி உளுந்து (தோல் நீக்காத கறுப்பு உளுந்து) ஒரு பங்கு. உளுந்தை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்தாக வேண்டும், வறுக்காமல் போட்டால் சோறு கொழகொழத்துப் போகும். பூண்டு தாராளமாக, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, சீரகம், துருவிய தேங்காய், உப்பு. ஒரு கப் அரிசியும் அரை கப் உளுந்தும் போட்டால் நாலு கப் தண்ணீர். குக்கரில் நாலு விசில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். உளுந்தஞ்சோற்றுக்குச் சாம்பார் கேட்டால் சிரிப்பார்கள்.

தீபாவளியன்று நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. விடியுமுன் எண்ணெய்க் குளியல், வெறும் வயிற்றில் தீபாவளி மருந்து, கொடுத்ததைச் சாப்பிடுவது, அவ்வளவுதான். மருந்தை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி விழுங்குங்கள். அதைத் தவிர்த்துவிட்டுப் பலகாரத்தில் இறங்குகிறவர்கள்தான் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

அல்வாவுக்கு மறுநாள் சாயங்காலம் போங்கள். நெல்லையப்பர் கோயிலில் நடை திறந்ததும் சுவாமியையும் காந்திமதி அம்மனையும் சேவித்துவிட்டு வெளியே வந்தால் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை. அது சாயங்காலம்தான் திறக்கும், இருப்பு தீர்ந்தால் மூடிவிடுவார்கள். காரை வீட்டிலேயே விட்டு ஆட்டோவில் போவது உத்தமம். வரிசை நகராவிட்டால் அதற்காகக் கால் கடுக்க நிற்க வேண்டிய அவசியமில்லை, ஜங்ஷன் பக்கமும் நல்ல அல்வா கிடைக்கிறது. ஒரே பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு சொல்லை ஒட்டிய கடைகள் வரிசையாக இருக்கும். போர்டைப் பார்த்துக் குழம்பாமல் முதலில் 50 கிராம் சூடாக வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். நல்ல அல்வா விரலில் நெய்யை விடும், பல்லில் ஒட்டாது, வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மெல்ல வேண்டியிருந்தால் கிண்டல் போதவில்லை என்று அர்த்தம். திகட்டினால் மேலே கொஞ்சம் மிக்ஸர், உள்ளூர் வழக்கமே அதுதான்.

வீட்டிலேயே அல்வா கிண்டலாமா என்று மட்டும் யோசிக்க வேண்டாம். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, பிறகு சீனியும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். பண்டிகை வீட்டில் அதற்கு ஆளும் கிடையாது, அடுப்பும் கிடையாது.

இனி சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் பெண் வீட்டார் போடுகிற விருந்து இது, மாப்பிள்ளைச் சொதி என்றே சொல்வார்கள். அதை மாப்பிள்ளையே வைத்துப் பரிமாறினால் வீட்டில் ரசிப்பார்கள். எந்த நாள் என்பதில் கவனம். அமாவாசை அன்று வேண்டாம், தர்ப்பணம் கொடுக்கிற வீட்டில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள், சொதியில் இரண்டும் உண்டு. கடைசி நாள் மதியம் வைக்கலாம். ஆனால் சஷ்டி விரதம் இருப்பவர்கள் யார் யார் என்று முதல் நாளே கேட்டு, தலை எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

12 பேருக்கு நன்றாக முற்றிய தேங்காய் 4. கொப்பரைப் பதம் வந்த காயில் எண்ணெய் வாடை அடிக்கும், இளங்காயில் பால் நீர்த்துப் போகும். குலுக்கினால் தண்ணீர் ஆடுகிற காயாக எடுங்கள். சிறுபருப்பு 200 கிராம், உருளைக்கிழங்கு 400 கிராம், கேரட், பீன்ஸ் தலா 250 கிராம், உரித்த பச்சைப் பட்டாணி 200 கிராம், முருங்கைக்காய் 4, சின்ன வெங்காயம் 250 கிராம், பூண்டு 25 பல், பச்சை மிளகாய் 15, இஞ்சி 50 கிராம், எலுமிச்சை 2 அல்லது 3. அரிசி ஒன்றேகால் கிலோ. மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், தக்காளி எதுவும் கிடையாது. உறைப்பு முழுவதும் பச்சை மிளகாயிலும் இஞ்சியிலும்தான் வர வேண்டும், நிறம் தேங்காய்ப் பாலின் நிறமாகவே இருக்க வேண்டும்.

பந்தி பன்னிரண்டரைக்கு என்றால் ஒன்பதரைக்கு உட்காருங்கள். ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் காய் நறுக்க. பாலை முதல் நாளே எடுத்து வைக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம், சில மணி நேரத்திலேயே புளிப்பு ஏறும். துருவலுக்கு 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிவது முதல் பால், அதைத் தனியாக மூடி வையுங்கள். சக்கையில் 800 மில்லி விட்டு இரண்டாம் பால், ஒரு லிட்டர் விட்டு மூன்றாம் பால். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள், ஜார் சூடேறினால் எண்ணெய் பிரிய ஆரம்பிக்கும்.

சிறுபருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். அடிகனத்த ஏனத்தில் மூன்று கரண்டி தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் பூண்டும் வெங்காயமும் முழுசாகப் போட்டு, சிவக்கவிடாமல் கண்ணாடிப் பதத்துக்கு வதக்க வேண்டும். பச்சை மிளகாயில் பத்தை இஞ்சியோடு அரைத்து அந்த விழுதை விடுங்கள், மிச்சம் ஐந்தைக் கீறிப் போடுங்கள். பிறகு காய்கள். உருளைக்கிழங்கைப் பெரிதாக நறுக்குங்கள், சிறிதாக நறுக்கினால் கரைந்து குருமா ஆகிவிடும். மூன்றாம் பாலும் உப்பும் சேர்த்து வேகவிட்டு, பாதி வெந்ததும் முருங்கைக்காய். எல்லாம் வெந்த பிறகு மசித்த பருப்பும் இரண்டாம் பாலும். இதுவரை கொதிக்கலாம்.

முதல் பால் சேரும்போதுதான் பலருக்குக் கெட்டுப்போகும். தீயை நன்றாகக் குறைத்து, ஊற்றி, ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். தேங்காய்ப் பாலில் கொழுப்பைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். தளதளவென்று கொதித்தால் புரதம் இறுகும், கொழுப்பு பிரியும், சொதி திரிதிரியாகிவிடும். புளிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போது பிழியவே கூடாது. இறக்கி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து கலக்கி ருசி பாருங்கள். பருப்பைத் தாராளமாகப் போடுவதற்கு ஒரு காரணமும் இதுதான், மசிந்த பருப்பு இருந்தால் பால் அவ்வளவு சுலபத்தில் பிரியாது. பயமாக இருந்தால் முதல் பாலில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போட்டால் கஞ்சி வாடை வரும். கடைசியில் நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள்.

பந்தி தாமதமானால் திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள். அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் சொதி ஏனத்தை இறக்கி வைத்தால் போதும்.

சொதிக்கு இஞ்சிப் பச்சடி கட்டாயம். இத்தனை தேங்காய்ப் பால் மந்தம் தட்டும், இஞ்சி இல்லாமல் அது இறங்காது. தோல் சீவிய இஞ்சி 150 கிராமை மெல்லிசாக அரிந்து, நல்லெண்ணெயில் ஓரம் சுருங்கும்வரை வதக்குங்கள். பாதியில் எடுத்தால் காறல் நிற்கும். வறுத்த மிளகாய் வற்றல் பத்து, பெரிய எலுமிச்சை அளவு புளி, 75 கிராம் வெல்லம், உப்பு சேர்த்து அரைத்து, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்தால் முடிந்தது. இதை மட்டும் முதல் நாளே செய்யலாம், மறுநாள் இன்னும் ருசிக்கும். கூடவே உருளைக்கிழங்கு சிப்ஸ், அப்பளம். அவியல், பொரியல் என்று வெஞ்சனத்தைப் பெருக்கினால் சொதி அடிபட்டுப் போகும். கடைசியில் கொஞ்சம் மோர்.

மிஞ்சினால் ராத்திரிக்கு வைக்காமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். யாராவது தாமதமாக வருவார்கள் என்று தெரிந்தால், அவர்கள் பங்கை முதல் பால் சேர்க்கும் முன்பே எடுத்து வைத்து, பாலைத் தனியாக ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போகும் அல்வாவைப் புறப்படுகிற அன்று வாங்குங்கள். சூடாகக் கட்டித் தந்தால் ஆறும்வரை பொட்டலத்தைக் கொஞ்சம் திறந்து வைத்து, பிறகு எவர்சில்வர் டப்பாவில் போட்டு நிமிர்த்தியே கொண்டுபோங்கள். நெய் கசிந்து பட்டுச் சேலை கெட்டால் அல்வாவின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். வெளியில் ஒரு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து கட்டியாகும், சாப்பிடும் முன் லேசாகச் சூடுகாட்டினால் பழைய பதத்துக்கு வரும்.